வீட்டுப் பிள்ளைக்குக் கூலி எதற்கு?

2023 அக்டோபரில் அமெரிக்க வெளியுறவுத்துறை ஒரு வரைவு விதியை வெளியிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்து அமெரிக்கக் குடும்பங்களோடு தங்கி, அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ‘ஓ பேர்’ இளைஞர்களுக்கு ஊதியத்தைக் கூட்டவும் வேலை நேரத்தைக் குறைக்கவும் அதில் வழி சொல்லப்பட்டிருந்தது. ஓ பேர்களை வைத்துக்கொள்ளும் குடும்பங்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் நார்வே தன் ஓ பேர் திட்டத்தையே இழுத்து மூடியது. அதற்கடுத்த மாதம் பிரிட்டன், முதலாளியின் வீட்டில் தங்கிக் குடும்பத்தில் ஒருவராக நடத்தப்படும் பணியாளருக்குக் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டியதில்லை என்று கால் நூற்றாண்டாக இருந்த விலக்கை நீக்கியது. ஆறு மாதத்துக்குள் மூன்று நாடுகளைத் தடுமாற வைத்த கேள்வி ஒன்றுதான். பிறர் வீட்டுப் பெண்ணை அழைத்துவந்து, நம் குழந்தையை அவள் கையில் கொடுத்து, ‘நீயும் எங்கள் வீட்டுப் பெண்தான்’ என்று சொல்லிவிட்டு, அந்தச் சொல்லைக் காட்டியே கூலியைக் குறைக்கலாமா? கூடாது என்பதுதான் விடை. ஏன் கூடாது என்பதையும், கூடும் என்பவர்களின் நியாயங்கள் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதையும் பார்ப்போம்.

‘ஓ பேர்’ என்ற பிரெஞ்சுத் தொடருக்குச் சரிசமமாக என்று பொருள். வந்தவள் வீட்டாரோடு ஒரே மேசையில் உண்பாள், மொழி கற்பாள், ஊர் பார்ப்பாள், கைம்மாறாகக் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வாள். எண்ணம் அழகானதுதான். 1969இல் ஸ்ட்ராஸ்பர்கில் ஐரோப்பிய மன்றம் இதற்கென ஓர் ஒப்பந்தம் வகுத்தபோது, வேலை பொதுவாக நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்தைத் தாண்டலாகாது என்று வரையறுத்தது. ஆனால் அதே ஒப்பந்தம், இப்படி வருபவர் மாணவருமல்லர், தொழிலாளருமல்லர், இரண்டின் சாயலும் கொண்ட தனி வகையினர் என்றும் எழுதிவைத்தது. கோளாறு பிறந்த இடம் அது. தொழிலாளி அல்ல என்று ஆனபின் தொழிலாளிக்குரிய காப்பு எதுவும் அவளுக்கு இல்லை. மாணவி மட்டுமே அல்ல என்று ஆனபின் அவளிடம் வேலை வாங்கத் தடையும் இல்லை. 1986இல் பண்பாட்டுப் பரிமாற்றம் என்ற பெயரில் இத்திட்டத்தைத் தொடங்கிய அமெரிக்காவில், பதினெட்டு முதல் இருபத்தாறு வயதுக்குட்பட்டவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் பேர் வருகிறார்கள். அங்கே வரம்பு நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம். வாரப் படி குறைந்தது 195.75 டாலர். இந்தத் தொகை வந்த வழி கவனிக்கத்தக்கது. நாடு முழுமைக்குமான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர், அதை 45ஆல் பெருக்கி, உணவுக்கும் அறைக்கும் என்று நாற்பது விழுக்காட்டைக் கழித்தால் இது கிடைக்கும். மணிக்கு 4.35 டாலர். 2009இலிருந்து 7.25 உயரவில்லை என்பதால் இந்தப் படியும் உயரவில்லை. உறவு என்று சொல்லிக்கொள்ளும் ஒன்றைப் பைசா வரை கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். கணக்கு இருக்கிறது என்றால் அது வேலை. வேலை என்றால் கணக்கு நேராக இருக்க வேண்டும்.

அவள் செய்வது வேலைதான் என்பதற்கு அந்தத் திட்டத்தின் விதிகளே சாட்சி. குழந்தைப் பாதுகாப்பில் எட்டு மணி நேரமும், குழந்தை வளர்ச்சி பற்றி 24 மணி நேரமும் அவள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். இரண்டு வயது நிரம்பாத குழந்தை உள்ள வீட்டுக்குப் போவதென்றால் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட 200 மணி நேர அனுபவத்துக்குச் சான்று காட்ட வேண்டும். இந்த விதிகள் நல்லவை. குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்டவை. ஆனால் எந்த ஊரில் விருந்தாளியிடம் அனுபவச் சான்று கேட்பார்கள்? எந்த வீட்டில் மகள் பயிற்சி முடித்துவிட்டுத் தம்பியைத் தூக்குகிறாள்? தகுதி கேட்கும்போது அவள் பணியாளர். கூலி கேட்கும்போது மட்டும் அவள் வீட்டுப் பிள்ளை. ஒருவரை நமக்கு வசதியான நேரத்தில் வசதியான பெயரால் அழைப்பது சரிசமம் ஆகாது.

இதில் நம் முன்னோர் குழம்பவில்லை. திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் இல்லறவியலில் வரும் விருந்தோம்பல். அதையடுத்து இனியவை கூறல், செய்ந்நன்றி அறிதல் என்று வரிசை போகிறது. பன்னிரண்டாவதாக நடுவு நிலைமை வருகிறது. தராசின் நேர்மையைப் பேசும் அந்த அதிகாரத்தை அரசனுக்கும் அமைச்சனுக்கும் உரிய பொருட்பாலில் வைக்காமல் வீட்டுக்குள் வைத்தார் வள்ளுவர். வீட்டுக்குள் ஒரு தராசு வேண்டும் என்பது அந்த வைப்புமுறையின் பொருள். விருந்தோம்பலில் தொடங்கும் பல வீடுகள் இனிய சொல்லோடு நின்றுவிடுகின்றன. நடுவு நிலைமை வரை நடந்து போவதில்லை. அதே இல்லறவியலில்தான் பிறர்க்குரியதை விரும்பாதிருக்கச் சொல்லும் வெஃகாமையும் இருக்கிறது. பிறர்க்குரியது என்றால் பிறர் பெட்டியில் இருப்பது மட்டும்தானா? பிறர் உழைத்து, இன்னும் அவர் கைக்கு வந்துசேராததும் அவருக்குரியதே.

புத்தர் இல்லறத்தாருக்குச் சொன்னதாகத் தீக நிகாயத்தில் உள்ள சிகாலோவாத சூத்திரம், வீட்டுத் தலைவர் பணியாளருக்குச் செய்ய வேண்டிய கடமைகளை ஐந்தாகத் தொகுக்கிறது: வலுவுக்கேற்ற வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயில் பேணுதல், நல்ல பண்டத்தைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு கொடுத்தல். உணவும் ஊதியமும் என்று இரண்டும் சேர்ந்து வருகின்றன. உணவு போக மீதி ஊதியம் என்று அங்கே இல்லை. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் இரக்கத்துக்குப் பேர்போன நூலன்று. அதுவும்கூட, கூலி முன்கூட்டிப் பேசப்படாவிட்டால் வேலைக்கும் காலத்துக்கும் ஏற்பக் கொடுக்கச் சொல்கிறது. மோசேயின் சட்டம் ஏழைக் கூலியாளுக்குப் பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்லும். அவர் அயல்நாட்டவராக இருந்தாலும் அப்படியே. நபிகளார் வியர்வை காயுமுன் கொடுக்கச் சொன்னார் என்பது இஸ்லாமிய மரபு. மண்ணாலும் சமயத்தாலும் வேறுபட்ட இத்தனை பேரும் ஒரே பக்கம் நிற்கும்போது எதிர்ப்பக்கம் நிற்பவர் வலுவான காரணம் வைத்திருக்க வேண்டும்.

நடைமுறை என்ன காட்டுகிறது? 2014இல் கொலராடோவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் முன்னாள் ஓ பேர்கள் ஒரு வழக்குத் தொடுத்தார்கள். ஆளனுப்பும் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, விதி சொன்ன குறைந்த அளவையே உச்ச அளவாக ஆக்கிவிட்டன என்பது குற்றச்சாட்டு. நிறுவனங்கள் அதை மறுத்தன. ஆனாலும் 2019 ஜனவரியில் 65.5 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டன. அதே ஆண்டு டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலம் 2014இல் இயற்றிய வீட்டுப் பணியாளர் உரிமைச் சட்டம் ஓ பேர்களுக்கும் பொருந்தும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016இல் அயர்லாந்தில், வாரம் 100 யூரோ பெற்றுவந்த ஸ்பெயின் நாட்டுப் பெண்ணுக்கு 9,229 யூரோ தர உத்தரவாயிற்று. பிலிப்பைன்ஸ் அரசு தன் பெண்கள் ஐரோப்பாவுக்கு ஓ பேராகப் போவதை 1998இல் தடைசெய்தது. கொடுமைப் புகார்களே காரணம். 2010இலிருந்துதான் அந்தத் தடை படிப்படியாகத் தளர்ந்தது. இவை எங்கோ ஓரிரு கெட்ட வீடுகளின் கதை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்கக் கூட்டாட்சி அளவில் நல்ல வீட்டுக்கும் கெட்ட வீட்டுக்கும் ஒரே 195.75தான் விதி. நல்லவர் அதற்கு மேல் கொடுக்கலாம், கொடுக்கிறவர்களும் உண்டு. ஆனால் ஒருவருக்குரிய நியாயம் இன்னொருவரின் நல்ல மனத்தை நம்பித் தொங்கினால் அது நியாயமாக இல்லாமல் சலுகையாகிவிடுகிறது.

அவள் மனமொப்பித்தானே வருகிறாள் என்பது முதல் மறுப்பு. தொகை எவ்வளவு என்று தெரியும், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள், யாரும் இழுத்துவரவில்லை. உண்மைதான். ஆனால் ஒப்புதலை எடைபோடும்போது உள்ளே வரும் வாசலை மட்டும் பார்த்தால் போதாது; வெளியே போகும் வாசலையும் பார்க்க வேண்டும். அவளுக்கு வேலை கொடுத்தவரே வீடு கொடுத்தவர். சண்டை வந்தால் ஒரே இரவில் வேலையும் கூரையும் சோறும் சேர்ந்து போகும். விசா திட்டத்தோடு கட்டுண்டது. குறுகிய அவகாசத்துக்குள் வேறு குடும்பம் அமையாவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். இந்த நிலையில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பெண், சனிக்கிழமை இரவு ‘கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துக்கொள்கிறாயா’ என்று கேட்டால் என்ன சொல்வாள்? முடியாது என்று சொல்ல வழியில்லாதவளின் சரி என்ற சொல்லுக்கு எடை குறைவு. உணவும் அறையும் பெருஞ்செலவு என்பதும் இதனோடு சேர்ந்த வாதம். அந்த அறை அவள் கேட்டு வாங்கியதல்ல. விடியற்காலையில் குழந்தை எழும்போது கைக்கெட்டும் தூரத்தில் ஆள் வேண்டும் என்பது வீட்டாரின் தேவை. தம் தேவைக்கு அவளைத் தங்க வைத்துவிட்டு, தங்கியதற்கு அவளிடமே கழிப்பது இருபுறமும் வெட்டும் கத்தி.

இரண்டாவது மறுப்பு குடும்பங்களின் திணறல். அமெரிக்காவில் நாடு தழுவிய ஊதியத்துடன் கூடிய பேறுகால விடுப்பு இல்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் தருவது பன்னிரண்டு வாரம், அதுவும் ஊதியமின்றி. குழந்தைக் காப்பகக் கட்டணம் விழி பிதுங்க வைக்கும். இரவுப் பணி பார்க்கும் தாதிக்கும் மருத்துவருக்கும் காப்பகம் திறந்திருக்கும் நேரம் ஒத்துவராது. ஊதியம் கூடினால் சில வீடுகள் விலகும். சில பெண்களுக்கு வெளிநாடு பார்க்கும் வாய்ப்பும் போகும். இந்தத் துன்பம் பொய்யல்ல. ஆனால் அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டியது அரசு. அது நிரப்பாததற்காகக் கொலம்பியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வரும் இளம்பெண் தன் கூலியிலிருந்து மண்ணள்ளிப் போட வேண்டியதில்லை. மேலும், இதே குடும்பங்கள் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் பல ஆயிரம் டாலர் கட்டணம் செலுத்துகின்றன. இடையில் நிற்பவருக்குக் கொடுக்கப் பணம் கிடைக்கிறது. குழந்தையை இடுப்பில் சுமப்பவருக்குக் கொடுக்கும்போதுதான் கை சுருங்குகிறது.

மூன்றாவது மறுப்பே மிகவும் நயமானது: பணம் நுழைந்தால் பாசம் வெளியேறிவிடும், அன்பை மணிக்கணக்கில் அளக்கலாமா என்பது. நம் ஊரிலும் வீட்டோடு தங்கி வேலை செய்யும் பெண்ணைப் பற்றி ‘எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி’ என்று சொல்வது இந்த நயத்தில் பிறந்ததுதான். அந்த ‘மாதிரி’ சொத்துப் பிரிக்கும்போதும் வராது, சம்பளம் உயர்த்தும்போதும் வராது. அன்புக்கும் கூலிக்கும் பகை இல்லை என்பதைத் தமிழ்ச் சொல் ஒன்றே காட்டும். அகப்பாட்டில் தலைவியை வளர்த்த தாய் செவிலி. இன்று மருத்துவமனையில் மாதச் சம்பளம் வாங்கி நோயாளிக்குப் பணிவிடை செய்பவரும் செவிலியர். சம்பளம் வாங்குகிறார் என்பதால் அவர் கையின் பரிவு குறைந்துவிட்டதாக எந்த நோயாளியும் சொன்னதில்லை. நேரமும் ஓய்வும் உறுதியானால் பரிவுக்குத் தெம்பு கூடும். பத்து மணி நேரம் குழந்தைகளோடு ஓடிக் களைத்தவளிடம், கணக்குப் பார்க்காத அன்பை எதிர்பார்ப்பவர்தான் அன்பைச் சந்தைக்குக் கொண்டுவருகிறார். அதுவும் இலவசச் சரக்காக.

அப்படியானால் யாருமே ஓ பேரை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதா? கூடும், தராசைக் கையில் பிடித்துக்கொண்டு. வேலை நேரம் எழுத்தில் இருக்கட்டும். அவள் தங்கும் மாநிலத்தில் ஒரு தொழிலாளிக்கு என்ன ஊதியமோ அது அவளுக்கும் கிடைக்கட்டும். அதற்கு மேல் பாசம் காட்ட விரும்புவோரைத் தடுப்பார் இல்லை. விடுமுறை நாள் அவளுடையதாக இருக்கட்டும். அன்று அவள் அறைக்கதவைத் தட்டாதிருக்க வீட்டார் பழகட்டும். அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கட்டும், கடவுச்சீட்டு அவள் பெட்டியில் இருக்கட்டும். உறவு கெட்டால் அவள் மானத்தோடு விலகிப் போகும் அளவுக்கு அவகாசத்தைச் சட்டம் தரட்டும். இவற்றைச் செய்ய இயலாத வீடு, அழைக்காமல் இருப்பதே அறம். விருந்தாளி என்றால் வேலை வாங்காதிருப்போம். பணியாளர் என்றால் கூலியை நேராகக் கொடுப்போம். மகள் என்றால், ‘இன்றைக்கு என்னால் ஆகாது’ என்று அவள் சொன்ன இரவும் உணவு மேசையில் அவள் தட்டுக்குப் பக்கத்தில் அதே பேச்சும் சிரிப்பும் இருக்கிறதா என்று பார்ப்போம். பெற்ற மகள் அப்படிச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறாள்.

அகப்பாட்டு மரபில் செவிலிக்குப் பெயர் கிடையாது; அங்கே தலைவிக்கும் தலைவனுக்கும்கூடப் பெயர் கிடையாது. ஆனால் செவிலிக்குக் கூற்று உண்டு. வளர்த்தவள் என்ற முறையில் அவள் பேசுவாள், வருந்துவாள், தலைவியைப் பெற்ற நற்றாய்க்குச் செய்தி சொல்வாள். தொல்காப்பியம் அவளுக்கு அந்த இடத்தை இலக்கணமாகவே வகுத்திருக்கிறது. இன்றைய செவிலிக்குப் பெயர் உண்டு, புகைப்படம் உண்டு, விசா எண் உண்டு. மணிக்கு 4.35 டாலர் போதாது என்று அந்தச் சாப்பாட்டு மேசையில் சொல்லும் கூற்று மட்டும் அவளுக்கு இன்னும் கொடுக்கப்படவில்லை. அதைக் கொடுத்த பிறகு மகள் என்று அழைக்கலாம்.