வினையும் ஒரு மணி நேரமும்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பார்வையற்ற மாணவருக்குச் 'சொல்வதை எழுதுபவர்' வேலை எனக்கு அவ்வப்போது வரும். இந்த முறை கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு எழுதினேன். தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுத வேண்டும். விடை தெரிந்தும் வாய்மூடி இருப்பது வாத்தியாருக்குப் பெரிய தவம்.

"போன ஜென்மத்து வினை சார், கூடுதலா ஒரு மணி நேரம் கொடுத்தா தீர்ந்திடுமா?" என்றார், அவனுக்குத் தேர்வில் கிடைக்கும் கூடுதல் நேரத்தைப் பற்றிச் சக ஆசிரியர் ஒருவர். அமாவாசை தவறாமல் திருவள்ளூர் வீரராகவப் பெருமாளைச் சேவிப்பவர். அங்கே குளத்தில் வெல்லம் கரைப்பது நோய் தீரத்தானே? தன் நோயை வினையென்று விட்டுவிடாதவர், பிறர் பிள்ளைக்கு மட்டும் வினைக்கணக்குப் பார்க்கிறார். இது பக்தியல்ல, சோம்பல்.

வினை உண்டென்றே வைத்துக்கொள்வோம். அதை நிறைவேற்றும் அதிகாரியாக நம்மை யார் நியமித்தது?

2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் தேர்வருக்கு, 40 சதவீத ஊனம் என்ற வரம்பைக் காட்டி உதவி எழுத்தரை மறுக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கேட்பது கருணையை அல்ல.

உங்கள் தெருவில் தேர்வெழுத இப்படி உதவி தேவைப்படும் பிள்ளை இருந்தால், மருத்துவச் சான்றிதழோடு தலைமையாசிரியரை இப்போதே பாருங்கள். மார்ச் மாதத் தேர்வு வரை காத்திருக்க வேண்டாம்.