கலந்துவிட்டால் கரைந்துவிடுமோ குற்றம்?

"வரி கட்டுகிறோம், சாக்கடை இருக்கிறது, கொட்டுகிறோம். இதிலே குற்றம் எங்கே?" என்று கேட்கின்றனர் ஆலை அதிபர் சிலர். சிறு கேள்விதான். ஆயினும், பொதுவிலே கலந்த பொருளுக்குப் பொறுப்பாளி எவருமிலர் என்னும் தத்துவம் அதனுள் பதுங்கிக் கிடக்கிறது. அதை நாம் ஆராயத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் லூயிவில் என்றொரு நகரம். 1977 மார்ச்சுத் திங்களில், அந்நகரின் கழிவுநீர் நிலையத் தொழிலாளர்க்குக் கண் எரிந்தது, தொண்டை கமறிற்று. நச்சு இரசாயனத்தை எவரோ சாக்கடையிலே கொட்டியிருந்தனர்! நிலையத்தை மூட நேர்ந்தது. நாளொன்றுக்குச் சுமார் 10 கோடி காலன் கழிவுநீர், சுத்திகரிக்கப்படாமலே ஒகையோ ஆற்றில் விழுந்தது. பாடம் போதவில்லை போலும்! 1981 பிப்ரவரி 13 விடியற்காலை, அதே நகரில், சோயா ஆலையொன்றிலிருந்து வழிந்த ஹெக்சேன் சாக்கடைக்குள் ஆவியாகி வெடித்தது. இரண்டு மைலுக்கு மேல் குழாய் சிதைந்து, தெருக்கள் பிளந்தன. வீட்டிலே உறங்கிக்கிடந்தோர் செய்த பிழை யாது?

"சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதே" என்பர். அங்கே வேலை செய்வது மந்திரமன்று, நுண்ணுயிர்கள். மலக்கழிவைத் தின்று செரிக்கும் அவை, தோல் ஆலையின் குரோமியத்தைத் தின்னமாட்டா. நஞ்சு மிகுந்தால் அவையே மாளும். இந்நாட்டுச் சுற்றுச்சூழல் விதிகள் இதை அறிந்தே எழுதப்பட்டவை. அழுகும் அழுக்கை அளக்கும் 'உயிர்வேதி ஆக்சிசன் தேவை', ஆற்றில் விடும் நீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டலாகாது; பொதுச் சாக்கடைக்கோ 350 வரை இசைவு உண்டு. மொத்தக் குரோமியத்துக்கு? ஆற்றுக்கும் 2, சாக்கடைக்கும் 2! அழுகுவதை ஊர் ஏற்றுச் செரிக்கும். அழியாததை ஆலையே தன் வாயிலில் தடுத்தாக வேண்டும் என்பதன்றோ இதன் பொருள்?

"செலவுக்கு எங்கே போவோம்?" என்று சிறு ஆலைக்காரர் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. பலர் கூடிப் பொது நிலையம் அமைக்கலாம். ஆட்சியும் தோள் கொடுக்கட்டும். ஆனால், சுத்திகரிக்காது விட்டால் செலவு மறைந்துவிடுகிறதா? இல்லை, ஆள் மாறுகிறது. சூரத்தின் சச்சின் தொழிற்பேட்டையில், 2022 சனவரி 6 அன்று, டாங்கர் வண்டியிலிருந்து கால்வாயில் கொட்டிய இரசாயனம் நச்சுவாயுவாய் எழுந்தது. அண்டையிலிருந்த தொழிலாளர் 6 பேர் மாண்டனர். அச்செலவை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது?

சாக்கடைக் குழிக்குள் மனிதன் இறங்குவதோ இன்னும் கொடிது. 2013 ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றி அவனை இறக்குவதைத் தடுக்கிறது. சாவுக்கு ஈடாக 30 இலட்சம் ரூபாய் தரவேண்டுமென 2023 இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. அவன் எந்தச் சேரியிலிருந்து வருகிறான் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ? சல்பைடு நீரும் அமில நீரும் அக்குழியிலே கூடினால் எழும் வாயு அவனுக்கு எச்சரிக்கை தருவதில்லை. சில மூச்சிலே வீழ்த்திவிடும்.

ஆகவே, மாதிரி நீர் எடுக்கும் புட்டி ஆலை வாயிலிலே நீட்டப்படவேண்டும். நல்ல நீரை ஊற்றி நஞ்சின் அளவைக் குறைத்துக் காட்டுவதை அமெரிக்க விதிகள் தடை செய்கின்றன, சரியான தடை. தெருமுனையிலே மாதிரி எடுத்தாலோ, நூறு வீட்டுக் குளியல் நீரும் ஆலைக்காகச் சாட்சி சொல்ல வந்துவிடும்!