கணக்கில் வராத முயற்சி

மந்திரம் ஜபிப்பது நல்லதா, சும்மா உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது நல்லதா? இரண்டு கட்சிக்கும் ஆள் இருக்கிறார்கள். 'மனசு ஒரு குரங்கு சார். பிடித்துக்கொள்ள அதற்கு ஒரு கிளை வேண்டும்' என்கிறார் மந்திரக்காரர். 'கிளையே வேண்டாம். அது தாவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்' என்கிறார் மற்றவர்.

1907 நவம்பரில் காவ்யகண்ட கணபதி முனிவர் திருவண்ணாமலையில் விரூபாட்ச குகைக்கு ஏறினார். பெரிய சம்ஸ்கிருதப் பண்டிதர். வருஷக்கணக்கில் ஜபம் செய்தவர். 'இத்தனை செய்தும் தவம் என்றால் என்னவென்று புரியவில்லையே' என்று, தன்னைவிட ஒரு வயது சின்னவரான ரமணரிடம் முறையிட்டார். 'மந்திரம் சொல்லும்போது அந்த ஒலி எங்கிருந்து எழுகிறது என்று கவனி. மனம் அங்கே ஒடுங்கும். அதுதான் தவம்' என்பது ரமணர் பதிலின் சாரம்.

மந்திரத்தை விட்டுவிடச் சொல்லவில்லை, பாருங்கள். அதோடு கவனத்தையும் சேர்க்கச் சொன்னார், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் முனிவர் நம்ம திருவொற்றியூருக்கு வந்து, ஒரு பிள்ளையார் கோயிலில் மௌனமாகத் தவம் இருந்தார். அங்கே தடங்கல் வந்ததாம். குரு பக்கத்தில் இருந்தால் தேவலையே என்று ஏங்கியபோது ரமணரே தோன்றியதாக அவர் வரலாறு சொல்கிறது. நம்புவது உங்கள் இஷ்டம். எனக்கு முக்கியம் அந்தத் தடங்கல்தான். சரியான பதில் கிடைத்த பிறகும் மனசு ஓடத்தான் செய்தது!

நாக்கு ஜபிக்கும்போதே மனசு சீட்டுப் பணத்துக்குப் போய்விடும். பி.காம். படித்த எனக்கு 1008 என்ற எண்ணிக்கை பிடிக்கும்தான். ஆனால், எழுதி வைத்த தொகை வேறு, கல்லாவில் இருக்கும் ரொக்கம் வேறு. மூச்சைப் பார்ப்பவருக்கும் ஆபத்து உண்டு. கவனிக்கிறேன் பேர்வழி என்று நெற்றியைச் சுருக்கி, தனக்குத்தானே வாட்ச்மேன் ஆகிவிடுவார்.

ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் முறையை 1975-ல் எழுதினார் அமெரிக்க டாக்டர் ஹெர்பர்ட் பென்சன். 1979-ல் ஜான் கபாட்-ஜின் நோயாளிகளுக்கு மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தார். வழி வேறு, பாடம் ஒன்றுதான். மனசு போய்விட்டதா? திட்டாமல் திரும்பக் கூட்டி வா.

முயற்சி என்பது அந்தத் திரும்பல்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவரை நினைத்துப் பாருங்கள். வீட்டுக் கவலையில் ஒரு நொடி மனசு நழுவுகிறது. சட்டென்று இழுத்து வந்து கொக்கியில் வைக்கிறார். கீழே நிற்பவர் சாயங்காலம் வீட்டுக்குப் போகிறார். எந்த ஜபமாலையிலும் அதற்கு ஒரு மணி கிடையாது.