மரபுக்கு மீசை உண்டோ?

மரபு என்ற சொல்லைக் கேட்டதும் வாயடைத்து நிற்போர் எந்நாட்டிலும் உளர், மெக்சிகோவிலும் உளர். அந்நாட்டின் மேற்கே, ஹாலிஸ்கோ மாநிலத்தின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் மரியாச்சி இசையைச் சுட்டி, "இது ஆண்களின் கலை, பெண் இதில் கருவி ஏந்துவது மரபன்று" என நெடுங்காலம் முழங்கினர்.

மரபா? எந்த மரபு? ஆராய்வோம் தோழர்களே!

வயலின்கள், விஹுவேலா என்னும் சிறு நரம்புக் கருவி, கித்தாரோன் என்னும் பெருவயிற்றுக் கருவி. அகன்ற தொப்பி, வெள்ளிப் பொத்தான் வரிசை, செவியைத் துளைக்கும் டிரம்பெட். இவையின்றி மரியாச்சி இல்லை என்பர். ஆனால், பழைய நாட்டுப்புறக் கலைஞன் உடுத்தது உழவனின் வெள்ளைப் பருத்தியாடை, காலில் தோற்செருப்பு. பண்ணைக் குதிரைவீரனின் பகட்டுடை பின்னர் ஏறியது. டிரம்பெட்டோ, வானொலி வளர்ந்த 1930க்குப் பிறகே நிலையான இடம் பிடித்தது. பித்தளைக் குழல் நுழைந்தபோது கலையாத மரபு, பெண்ணின் விரல் பட்டால் மட்டும் கலைந்துவிடுமோ?

பெண்ணின் குரலுக்கு அங்கே தடையில்லை என்பதுதான் வேடிக்கை! 1906இல் பிறந்த லூச்சா ரெயஸ் பாடினார், நாடே கேட்டது. முன்னே ஒருத்தி பாட, பின்னே ஆண்கள் வாசிப்பர். பாடலாம், வாசிக்கலாகாது! திறமையில் ஐயம் என்றால் தேர்வு வைத்துப் பார்த்திருக்கலாமே! காரணம் வேறு. புகழ்பெற்ற பாடகி விதிவிலக்கு, வாசிப்பவனோ தொழிலாளி. மெக்சிகோ நகரின் கரிபால்டி சதுக்கத்தில் இரவில் காத்து நின்று, அழைப்போர்க்கு வாசித்துக் கூலி பெறுபவன். மதுக்கூடமும் அவனுக்குச் சந்தை. அந்நகரின் கான்டினா என்னும் மதுக்கூடங்களிலோ, 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கம் வரையில் பெண்கள் நுழையத் தடை! மதுக்கூடத்தை நாம் போற்றவில்லை. கூலி அங்கே இருந்தது என்கிறோம். சந்தையின் கதவை அடைத்துவிட்டு, விற்கத் தெரியாதவள் என்று பழிப்பது எந்த ஊர் நேர்மை?

1940ஆம் ஆண்டுகளிலேயே மெக்சிகோ நகரில் பெண்கள் தனிக்குழு கண்டனர். ஆயினும், கதவு அகலத் திறந்ததற்குப் பெருங்காரணம் எவருடைய மனமாற்றமும் அன்று, பள்ளிக்கூடம்! வட அமெரிக்க ஒன்றியத்தில் 1960ஆம் ஆண்டுகள் முதல் கல்லூரிகளும் பள்ளிகளும் மரியாச்சியைப் பாடமாக்கத் தொடங்கின. தந்தை மகனுக்குத் தந்த தொழில், கரும்பலகைக்கு வந்ததும் மாணவிக்கும் உரியதாயிற்று. 1975இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், நாட்டி கானோ நடத்திய புகழ்மிக்க லாஸ் காம்பெரோஸ் குழுவில் ரெபேக்கா கொன்சாலெஸ் வயலினோடு வந்து நின்றார். 1994இல் அதே நகரில் மரியாச்சி ரெய்னா என்ற பெண்கள் குழு எழுந்தது.

தனிக்குழு என்பது விடுதலையா, ஒதுக்கிவைத்த குடிசையா என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. பத்து ஆண்களிடையே ஒருத்தி என்றால் அவள் காட்சிப்பொருள். அனைவரும் பெண்கள் என்றால், அந்தப் பெருவயிற்றுக் கித்தாரோனையும் ஒரு பெண்தான் சுமந்தாக வேண்டும். "பெண்ணால் சுமக்க இயலாது" என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. ஆகவே தனிக்குழு தேவைதான். அதுவே போதும் என்போமானால், குடிசைக்கு நாமே கூரை வேய்ந்தவராவோம்.

இன்னொரு முள்ளும் உண்டு. பாடல்களில் பல ஆணின் செருக்கைப் பாடுவன. ஹோசே அல்ஃபிரெடோ ஹிமெனெஸ் இயற்றிய பெரும்புகழ்ப் பாடலின் பெயரே 'எல் ரே', அதாவது அரசன். ரெய்னா என்றால் அரசி. அரசனும் வேண்டாம், அரசியும் வேண்டாம் என்பது நம் கட்சி! எனினும், அந்தச் செருக்கைப் பெண் தன் குரலில் பாடும்போது, அது ஆணுக்கே உரியதென்ற எண்ணம் ஆட்டம் காண்கிறது. புதுப் பாடல் பிறக்கும் வரையில் பழைய பாடலைப் பாடித்தான் தீரவேண்டும்.

அப்புதுமையும் பிறக்காமல் இல்லை. 2008இல் நியூயார்க்கில் தோன்றிய பெண்கள் குழுவுக்கு ஃப்ளோர் டி டொலோவாச்சே என்று பெயர், பொருள், ஊமத்தம்பூ! ஆணை மயக்கப் பெண் கையாளும் வசிய மருந்தென்று மெக்சிகோவில் பழி சுமந்த செடி அது. வசியத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. பழிச்சொல்லையே பெயராக்கிய துணிவில் நம்பிக்கை உண்டு. 2017இல் மரியாச்சிப் பிரிவுக்குரிய லத்தீன் கிராமி விருது அவர்களுக்குக் கிடைத்தது. அக்குழுவில் டிரம்பெட் ஊதியவரும் ஒரு பெண்ணே.