வண்டியைத் தாழ்த்தலாமா?

"இதனால் என்ன பிரயோசனம்?" என்ற கேள்வியைப் போல நம் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். பையன் மிருதங்கம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் கேட்கிறோம். பெண் சரித்திரம் படிக்கப் போகிறேன் என்றால் கேட்கிறோம். கேட்கிறவருக்கு, வாழ்க்கையின் அடித்தளத்தையே தட்டிப் பார்த்துவிட்டதாக ஒரு திருப்தி. என் அபிப்பிராயத்தில் அது பாதிக் கேள்விதான். மறுபாதி எது என்பதைச் சமீபத்தில் ஒரு சரக்கு வண்டியை முன்னிட்டு யோசிக்க நேர்ந்தது.

பாளையங்கோட்டையில் இருக்கும் என் அக்காள் மகனுக்கு வண்டி என்றால் உயிர். அவனுடைய தகப்பனார், அதாவது என் அத்தான், பல வருஷங்கள் ஒரு லோடு வேன் வைத்து, தாமிரபரணிக் கரையில் விளையும் வாழைத்தாரைச் சந்தைக்கு ஏற்றிப் பிழைத்தவர். முழங்கால் வலி வந்த பிறகு சாவியை மகனிடம் கொடுத்துவிட்டார். பையனும் வாடகைக்கு ஓட்டுகிறான். ஆனால் கையில் காசு சேரும்போதெல்லாம் அது வண்டிக்கே போகிறது. கருநீல வர்ணம் பூசினான். பக்கப் பலகைகளைத் தேக்கில் இழைத்துப் பித்தளைப் பூண் கட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப்பிள்ளைகள் வந்து தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். இப்போது அவனுக்கு மிச்சமிருப்பது ஒரே ஆசை: வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்திவிட வேண்டும்.

தாழ்த்துவது லேசான காரியமில்லை. சரக்கு வண்டிகளில் பெரும்பாலும் பின் அச்சின்மேல் வில்பட்டை உட்கார்ந்திருக்கும். பட்டையை அச்சுக்குக் கீழே மாற்றினால், இரண்டின் கனமும் சேர்ந்த அளவுக்கு வண்டி இறங்கும். ஆனால் பள்ளத்தில் விழும்போது அச்சு எழும்பி சேசிஸில் இடிக்கும். ஆகவே அந்த இடத்தில் சேசிஸை வளைவாக வெட்டி, இரும்புத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதற்கு மேலும் இறக்க வேண்டுமானால் பாடியின் தரையையே அறுத்து, கூட்டை சேசிஸ்மேல் அமுக்க வேண்டும். பட்டறைக்காரர் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றாராம். வண்டி திருப்பங்களில் சாயாமல் போகும் என்பது லாபம். பாரம் ஏற்ற முடியாது என்பது நஷ்டம்.

"மாமா, செய்யலாமா வேண்டாமா? நீங்க சொல்லுங்க" என்றான்.

பாரம் ஏற்ற முடியாத பார வண்டியால் என்ன பிரயோசனம் என்று கேட்டு முடித்துவிடலாம். ஆனால் அவன் முந்திக்கொண்டான்: "எல்லாத்துலயும் பிரயோசனம் பாத்துக்கிட்டே இருந்தா எப்படி மாமா?"

நியாயமான பதில். விடியற்காலையில் வாசலில் போடும் கோலம் மத்தியானத்துக்குள் மிதிபட்டுப் போகிறது. ஆனி மாதத்தில் நெல்லையப்பர் தேர் இழுக்கிறோமே, அந்தத் தேர் எந்தச் சரக்கை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது? புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது. அதற்காக ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிக்கிறோம். பயனில்லாத அழகை விலக்கிவிட்டால் மனிதனுக்கு மிஞ்சுவது சோறும் தூக்கமும்தான்.

வண்டியைத் தாழ்த்தும் ஆசையும் நேற்று முளைத்ததல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மெக்சிகோ வழிவந்த உழைப்பாளி இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி, பின்பெட்டியில் மணல் மூட்டைகளை வைத்துத் தாழ்த்தி, மெதுவாகத் தெருவில் ஓட்டினார்கள். மற்றவர்கள் வேகத்துக்காக வண்டியை மாற்றிய காலத்தில் இவர்கள் நிதானத்துக்காக மாற்றினார்கள். தங்களை ஏறிட்டுப் பார்க்காத ஊர், ஒரு நிமிஷமாவது நின்று பார்க்கட்டும் என்ற எண்ணமும் அதில் இருந்திருக்க வேண்டும். சக்கரத்தின் இரும்பு வளையத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது என்று 1958-ல் அங்கே சட்டம் வந்தது. மறு வருஷமே ரான் அகிர்ரே என்பவர் விமானத்துக்குரிய ஹைட்ராலிக் பம்புகளைத் தம் கார்வெட் காரில் பொருத்தினார். விசையைத் தட்டினால் வண்டி இறங்கும். போலீஸ்காரரைக் கண்டால் ஏறிவிடும்! 2023-ல் கலிபோர்னியா அந்தத் தடையை நீக்கிவிட்டது.

நம் நாட்டில் சட்டம் கண்டிப்பாகவே இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம், தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தம், மீறுகிறவர்களுக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று வைத்தது.

அப்படியானால் இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ரோட்டில் ஓட்டுகிறவன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். அதைப் பையனிடம் முதலில் சொன்னேன். ஆனால் எது அனுமதிக்கப்பட்டது என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. எது தகும் என்பதை அது சொல்வதில்லை. கலிபோர்னியாவில் 65 வருஷம் குற்றமாக இருந்தது பிறகு குற்றமில்லாமல் போகவில்லையா? நாளைக்கு நம் சட்டமும் தளர்ந்தால், இந்தக் கேள்வி மறுபடி வாசலில் வந்து நிற்கும்.

திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரம் உண்டு. ஒரு காரியத்தில் அழிவது எது, ஆவது எது, பின்னால் விளைவது எது என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். அழிவது முதலில் வருகிறது. நானும் அங்கிருந்தே எண்ணத் தொடங்கினேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் திருநெல்வேலிச் சீமையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. கார்கள் நகர முடியாமல் நின்ற தெருக்களில் இந்த வேன் பாலும் குடிதண்ணீர் கேன்களும் ஏற்றிக்கொண்டு போயிற்று. அத்தானின் சாமர்த்தியம் மட்டும் காரணமல்ல. வண்டியின் அடிப்பாகம் உயரத்தில் இருந்ததும் காரணம். தாழ்த்தினால் பையன் இழப்பது வாழைத்தார் வாடகையை மட்டுமல்ல. அந்தத் தெருக்காரர்களும் ஏதோ ஒன்றை இழக்கிறார்கள்.

அத்தானைக் கேட்டால், "அவன் வண்டி, அவன் இஷ்டம்" என்கிறார். ஆனால் சேசிஸை வெட்டும் பேச்சு வந்தால் மெதுவாக எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறார். வர்ணம் மாற்றியபோது அவர் எழுந்து போகவில்லை. கூட உட்கார்ந்து பித்தளையைத் துலக்கிக் கொடுத்தார். வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. வர்ணத்தைச் சுரண்டி எடுத்துவிடலாம், பலகையைக் கழற்றிவிடலாம். வெட்டிய சேசிஸை எப்படிப் பற்றவைத்தாலும் அது பழைய சேசிஸ் ஆகாது.

நம் தேரைக் கட்டியவர்களும் இதைத் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். துணியும் மூங்கிலுமாக எழும் மேலலங்காரம் திருவிழாவுக்குத் திருவிழா கட்டப்பட்டு, பிறகு அவிழ்க்கப்படுகிறது. பாரத்தைத் தாங்கும் மரப்பீடத்தில் யாரும் விளையாட்டாகக் கை வைப்பதில்லை. அகிர்ரேயின் யுக்தியிலும் எனக்குப் பிடித்தது போலீஸை ஏமாற்றியதல்ல. இறங்கிய வண்டி மறுபடி ஏற முடிந்ததே, அதுதான்.

"சிற்பி கல்லை வெட்டவில்லையா? அதுவும் மீளாத வெட்டுத்தானே?" என்று பையன் மடக்கினான். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் போனால் கிருஷ்ணாபுரம். அங்குள்ள சிற்பங்களைப் பார்த்தவர்கள், ஒரு வெட்டுக்கூட வீணில்லை என்பார்கள். ஆனால் சிற்பி எடுத்தது, யாருடைய பாரத்தையும் சுமக்காமல் மலையில் கிடந்த கல்லை. கூரையைத் தாங்கி நிற்கிற தூணிடம் போய், இடுப்பு மெலிந்தால் இன்னும் அழகாயிருக்குமே என்று உளி வைத்தால் அவனை என்னவென்று சொல்வது? அவன் கலை உயர்ந்ததாகவே இருக்கலாம். கீழே நிற்கிறவர்களையும் அவன் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

ஆகவே என் தீர்ப்பு இதுதான். அழகுக்காகச் செலவழிப்பது தவறல்ல. வீண்செலவு என்று நான் அதைச் சொல்லவும் மாட்டேன். தன் பணத்தையும், தன் உழைப்பையும், தன் ஞாயிற்றுக்கிழமைகளையும் ஒருவன் ஆசைக்குக் கொடுக்கட்டும். பிறர் சாய்ந்துகொண்டிருப்பதை, திரும்ப நிமிர்த்த முடியாதபடி வெட்டிக் கொடுக்க அவனுக்கு உரிமையில்லை. தாழ்ந்த வண்டியின்மேல் உண்மையாகவே மோகம் இருந்தால், எடைக்குப் போகும் பழைய வண்டி ஒன்றை வாங்கி, ரோட்டுக்குக் கொண்டுவராமல், கொல்லையில் நிறுத்தி ஆசைதீர அறுத்து இறக்கிப் பார்க்கட்டும் என்றேன். அவன் இன்னும் முடிவு சொல்லவில்லை. வயது இருபத்தைந்து, அவசரமில்லை.

"என்ன பிரயோசனம்?" என்று கேட்கும் பெரியவர்களுக்கும் எனக்கு ஒரு வார்த்தை உண்டு. அந்தக் கேள்விக்குக் கோலத்தாலும் தேராலும் பதில் சொல்ல முடியாது. அதனால் அவை குறைந்துபோய்விடவில்லை. அதற்குப் பதிலாக, "யாருடைய செலவில்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் கோபித்துக்கொள்ளாமல் கொஞ்சம் யோசிப்பார்கள். நம்முடைய ஆசைகளையும் அதே கேள்வியால் அளந்து பார்ப்பதில் நமக்கும் நஷ்டமில்லை.