தூரத்தில் வாங்கிய வண்டியும் வாரண்டி என்ற அமானிதமும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அருமை நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

இன்று நான் பேசப்போவது தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அல்ல. நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பற்றியும், அதனுடன் கைக்கு வந்த வாரண்டி அட்டையைப் பற்றியும். "இதுக்கெல்லாமா மிம்பர்?" என்று நினைத்துவிடாதீர்கள். கொடுக்கல் வாங்கலும் தீன்தான். இந்த விஷயத்தில் நான் ஒருவருக்கு அரைகுறையாகச் சொன்ன ஆலோசனை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் உங்களிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நம் சாத்தான்குளத்து மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி, போன வருஷம் அஸர் தொழுகைக்குப் பிறகு என்னிடம் வந்தார். சென்னையில் இருக்கும் மாமா மூலமாக அங்கே ஒரு ஷோரூமில் மின்சார ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். இங்கே வாங்குவதைவிட எட்டாயிரம் ரூபாய் குறைவு. நாலு மாதம் நன்றாக ஓடிய வண்டி, ஒருநாள் மனைவியும் கைக்குழந்தையும் பின்னால் இருக்க, திசையன்விளை ரோட்டில் நட்ட நடு வெயிலில் நின்றுவிட்டது. திருநெல்வேலி சர்வீஸ் சென்டருக்கு ஏற்றிக்கொண்டு போனால், "வாங்குன இடத்துல போய்ப் பாருங்க" என்றார்கள். சென்னைக்குப் போன் போட்டால், "வண்டியை இங்க கொண்டு வாங்க" என்றார்கள். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல்! ஓடாத வண்டியை எதில் ஏற்றி, யார் செலவில் கொண்டுபோவது?

"ஹஜ்ரத், நான் எங்கதான் போறது?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஸபர் செய்யுங்க தம்பி, அல்லாஹ் இதைவிட நல்லதைத் தருவான்." தம்பி ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

ஒன்றரை மாதம் கழித்துப் பள்ளிவாசல் வாசலில் ஒரு பெரியவர் நின்றார். பக்கத்துக் கிராமத்தில் முட்டை வியாபாரம் செய்யும் மாற்றுமதச் சகோதரர். "ஐயா, தொழுகுற புள்ள, பொய் சொல்லாதுன்னு நம்பித்தான் வாங்குனேன். ரெண்டாம் நாளே நின்னுபோச்சு" என்றார். நம் தம்பி, வெளியே ஒரு மெக்கானிக்கிடம் ஏதோ சரிசெய்து, குறையைச் சொல்லாமல் அந்த ஏழை மனிதரிடம் வண்டியைத் தள்ளிவிட்டிருந்தார்.

ஏமாற்றப்பட்டவர் ஏமாற்றுகிறவராக மாறிவிட்டார். அதில் எனக்கும் பங்கு உண்டு. ஹக்கைக் கேட்டு வாங்கும் வழியைக் காட்டாமல், வெறும் பொறுமையை மட்டும் சொல்லி அனுப்பினேன். தம்பியின் சம்மதத்துடன்தான், பெயரில்லாமல், இதைச் சொல்கிறேன்.

வாரண்டி புதிய விஷயமா?

பெயர் புதிது, விஷயம் பழையது. பால் அதிகம் என்று காட்டுவதற்காகச் சில நாள் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். விரும்பாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். திருப்பிக் கொடுக்கும்போது, கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழமும் கொடுக்க வேண்டும். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கவனியுங்கள்: வாங்கியவருக்கு உரிமை கிடைத்தது, அவர் அனுபவித்த பாலுக்குக் கணக்கும் கேட்கப்பட்டது. இரண்டு பக்கமும் நீதி!

நம் ஃபிக்ஹு நூல்களில் இதற்கு "கியாருல் ஐப்" என்று பெயர். விற்கும்போதே பொருளில் இருந்த குறை பின்னால் தெரியவந்தால், திருப்பிக் கொடுக்கும் உரிமை அது. கம்பெனிக்காரர் எழுதிக் கொடுக்கும் வாரண்டி அதற்கு மேல் ஒரு வாக்குறுதி. "இத்தனை வருஷத்துக்குள், இன்ன பாகம் பழுதானால், இலவசமாக மாற்றித் தருவேன்" என்று சொல்லித்தான் விலை வாங்குகிறார். ஈமான் கொண்டவர்கள் ஒப்பந்தங்களை நிறைவேற்ற வேண்டும் என்பது சூரா மாயிதாவின் முதல் ஆயத்திலேயே வரும் கட்டளை. அந்தக் கட்டளையில் "இத்தனை கிலோமீட்டருக்குள் மட்டும்" என்ற நிபந்தனை கிடையாது.

அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களை சூரா முதஃப்ஃபிஃபீன் எச்சரிக்கிறது. பணம் வாங்கும்போது சாத்தான்குளம் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேட்டரி மாற்றித் தரும்போது மட்டும் தூரமாகிவிடுகிறது என்றால், அதுவும் அளவையில் குறைப்பதைப் போன்றதுதானே!

விற்றவர் அல்ல, வழியில் நின்றவர்

வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) என்ற ஸஹாபி. அவர்கள் இருந்த இடத்தில் ஒருவர் முன்னூறு திர்ஹத்திற்கு ஓர் ஒட்டகத்தை விற்றார். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கவனிக்காமல் இருந்த வாஸிலா (ரலி) அவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். கறிக்காக வாங்கினீரா, பயணத்திற்காக வாங்கினீரா என்று கேட்டார்கள். பயணத்திற்கு என்றார் அவர். இதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது, நீண்ட பயணம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அவர் திரும்பி வந்தார். விற்றவர் நூறு திர்ஹம் குறைக்க வேண்டியதாயிற்று. "என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே" என்று அவர் வருத்தப்பட்டபோது, எல்லா முஸ்லிம்களுக்கும் நன்மையே நாடுவோம் என்று நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்திருக்கிறோம் என்றார்கள் வாஸிலா (ரலி). இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இஹ்யாவில் இதைச் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்து வாகனத்தின் "டயர்" குளம்புதான்! வாஸிலா (ரலி) விற்றவரும் அல்ல, வாங்கியவரும் அல்ல. தெரிந்த ஒருவர், அவ்வளவுதான். நம்மில் மெக்கானிக், புரோக்கர், பழைய வண்டி வாங்கி விற்பவர், "எனக்குத் தெரிஞ்ச ஷோரூம்" என்று கைகாட்டும் மாமா, மச்சான் எல்லோரும் அந்த இடத்தில்தான் நிற்கிறோம். வாங்குபவர் முஸ்லிமா இல்லையா என்பதால் ஏமாற்றுவது ஹலால் ஆகிவிடாது. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியைக் கண்டித்து, ஏமாற்றுபவன் தம்மைச் சேர்ந்தவன் அல்ல என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது எல்லா வியாபாரத்திற்கும்தான்.

ஸபர் என்றால் விட்டுவிடுவதா?

என் தவறு இங்கேதான். ஒருவர் தமக்கு வரவேண்டிய ஒட்டகத்தைக் கேட்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து கடுமையாகப் பேசினார். தோழர்கள் கோபப்பட்டார்கள். அவரை விட்டுவிடுங்கள், உரிமை உடையவருக்குப் பேச இடமுண்டு என்ற கருத்தில் சொல்லி, அவருக்குச் சேரவேண்டியதைவிடச் சிறந்த ஒட்டகத்தையே கொடுக்கச் செய்தார்கள். புகாரியில் உள்ள ஹதீஸ் இது. உரிமையைக் கேட்பது ஸபருக்கு எதிரானது அல்ல. கேட்கும்போது வரம்பு மீறாமல் இருப்பதுதான் ஸபர்.

வரம்பு மீறினால் என்ன ஆகும்? 2022 ஏப்ரலில் நம் தமிழ்நாட்டில் ஆம்பூர் பக்கம் ஒருவர், வழியில் நின்றுபோன தன் மின்சார ஸ்கூட்டருக்குத் தானே பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார். 2024 செப்டம்பரில் கர்நாடகாவின் கலபுரகியில் ஒரு வாடிக்கையாளர், சர்வீஸ் சரியில்லை என்ற ஆத்திரத்தில் ஷோரூமையே கொளுத்திக் கைதானார். அவர்களுடைய வேதனை உண்மைதான். ஆனால் சொந்தப் பொருளை எரிப்பது வீண்விரயம். அடுத்தவர் பொருளை எரிப்பது ஹராம். நம் தம்பி செய்ததும் இன்னொரு வகைத் தீதான். அது அந்தப் பெரியவரைச் சுட்டது.

சரி, எரிக்காமல் கேட்டவர்கள் உண்டா? உண்டு. ஓலா எலக்ட்ரிக் நிறுவனம் பற்றி 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை, ஒரே வருஷத்தில், தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு 10,644 புகார்கள் போயின. அதன்பேரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் அந்த நிறுவனத்திற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 99 சதவீதத்துக்கும் மேல் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. (நம் தம்பியின் வண்டி வேறு நிறுவனம்.) தனித்தனியாகப் புலம்பினால் யாருக்கும் கேட்பதில்லை, முறையாகப் பதிந்தால் பெரிய நிறுவனமும் பதில் சொல்ல வேண்டி வருகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

கடனைப் பற்றிய நீண்ட ஆயத்தில், எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள் என்று அல்லாஹ் கற்றுத்தருகிறான். ஆகவே வாங்கும் முன்பே கேளுங்கள்: "எங்க ஊருக்குப் பக்கத்து சர்வீஸ் சென்டரில் இந்த வாரண்டி செல்லுமா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனி தரும் வாரண்டி வேறு. ஷோரூம்காரர் தன் பங்குக்குச் சொல்லும் சலுகை வேறு. இரண்டாவதற்கு அந்த ஷோரூம்காரர்தான் பொறுப்பு. பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் செய்த ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

பழுது வந்தால் தாமதிக்காதீர்கள். ஷாஃபிஈ மத்ஹபில், குறை தெரிந்தவுடனே திருப்பிக் கொடுக்க முயல வேண்டும். காரணமில்லாமல் தள்ளிப்போட்டால் அந்த உரிமை போய்விடும். தெரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தால் அது சம்மதத்தின் அடையாளம். நாட்டுச் சட்டத்திலும் கெடு உண்டு: நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 வருஷம். முதலில் சர்வீஸ் சென்டர், ஷோரூம், கம்பெனி மூவருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதற்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

இங்கே ஒரு நல்ல செய்தி. 1986 ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தில், பெரும்பாலும் விற்றவர் இருக்கும் ஊரைத் தேடித்தான் வழக்குப் போடப் போகவேண்டியிருந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019 ஆம் வருஷத்துச் சட்டத்தில், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஷோரூம் சென்னையில் இருந்தாலும் நமக்குத் தூத்துக்குடி போதும். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இணையம் வழியாகவும் பதியலாம். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் லோடு ஆட்டோக்காரருக்கும் இந்த உரிமை உண்டு.

வாங்கியவருக்கும் அமானிதம் உண்டு

உமர் (ரலி) அவர்கள் ஒரு குதிரையை விலைபேசி, சோதித்துப் பார்க்க ஓட்டக் கொடுத்தபோது அதற்குக் காயம் ஏற்பட்டது. திருப்பிக் கொடுக்க நினைத்தார்கள்; உரிமையாளர் மறுத்தார். தீர்ப்புச் சொல்ல ஷுரைஹ் (ரஹ்) அவர்களிடம் போனார்கள். ஒன்று, வாங்கியதை வைத்துக்கொள்ளுங்கள். அல்லது எடுத்தபோது இருந்தபடியே திருப்பிக் கொடுங்கள் என்று ஆட்சித் தலைவருக்கு எதிராகவே அவர் தீர்ப்புச் சொன்னார். உமர் (ரலி) கோபப்படவில்லை. இதுவல்லவா நீதி என்று மெச்சி, அவரைக் கூஃபாவின் காழியாக ஆக்கினார்கள்.

ஆகவே விழுந்து உடைத்துவிட்டு "தானாவே உடைஞ்சுபோச்சு" என்று வாரண்டி கேட்காதீர்கள். வெள்ளத்தில் ஓட்டியதை மறைக்காதீர்கள். தேதி முடிந்த பில்லைத் திருத்தாதீர்கள். கம்பெனி பெரியது, பணக்காரனுடையது என்பதால் அந்தப் பொய் ஹலால் ஆகாது.

வெளியூர்களில் கடை வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் வாங்கிப்போன தூரத்து ஊர்க்காரர் போன் செய்தால் எடுங்கள். அவர் உங்கள் கடைக்குத் திரும்பி வரமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். அல்லாஹ்வின் முன்னால் இருவரும் ஒரே இடத்தில் நிற்பீர்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

அந்தத் தம்பிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நானும் அவரும் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனோம். வாங்கிய பணம் முழுவதையும் தம்பி திருப்பிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, வண்டியை எடுத்துக்கொண்டார். பெரியவர் டீ கொடுத்துத்தான் அனுப்பினார். பிறகு 1915-இல் புகார் பதிந்தோம். வெளியே பிரித்துப் பார்த்ததைப் பற்றிக் கேட்டார்கள். தம்பி மறைக்காமல் சொன்னார். அந்த ஒயருக்கு அவரே பணம் கட்டினார். பேட்டரியை, பல வாரம் அலைந்த பிறகு, திருநெல்வேலியிலேயே மாற்றிக் கொடுத்தார்கள். எட்டாயிரம் மிச்சம் பிடித்ததில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் அந்தப் பெரியவர் இப்போதும் பள்ளிவாசல் வழியாகப் போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போகிறார். அது எட்டாயிரத்தைவிடப் பெரிது.

யா அல்லாஹ்! எங்கள் கொடுக்கல் வாங்கலில் உண்மையையும் பரகத்தையும் தருவாயாக! எங்கள் உரிமையை நேர்மையாகக் கேட்கும் துணிவையும், பிறர் உரிமையைக் கேட்காமலே கொடுக்கும் மனதையும் தருவாயாக! அரைகுறையாகச் சொல்லி வழிகாட்டத் தவறிய எங்கள் குறைகளை மன்னிப்பாயாக! ஆமீன். வல்ஹம்து லில்லாஹ்.