அந்தத் தாய் செய்த பாவம் என்ன?



2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை கடலுக்குத் தன் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் சில நாட்களுக்கு முன் என்னிடம் வந்தார். "சாமி, பண்டிகைச் சட்டையைப் போட்டு அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனது நான்தான். சர்வேசுரன் என்னை இப்படித் தண்டிக்க நான் செய்த பாவம் என்ன?" என்று கேட்டார். இத்தனை வருஷமாக இதை நெஞ்சில் சுமந்திருக்கிறார். சுமத்தியவர்கள் யார்? "பாவம் பெருகிற்று, கடல் பொங்கிற்று" என்று சொல்லித் திரிந்த நாம்தாம்.

அன்று நடந்தது என்ன? பூமியின் மேலோடு ஒரே கல் அன்று. பெருந்தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. பூமியின் உள்வெப்பத்தால் அவை மெல்ல நகருகின்றன. நம் தேசத்தைத் தாங்கும் தட்டு, சுமத்திரா அருகே அடுத்த தட்டின் கீழே, ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில் நுழைகிறது. நுழையும் வழியில் இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ள, நெடுங்காலமாக அழுத்தம் சேர்ந்தது. அன்று காலை நம் நேரப்படி ஆறரை மணிக்குச் சற்று முன், சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தச் சிக்கல் விடுபட்டது. கடலின் அடித்தரை எழும்பவே, மேலிருந்த தண்ணீரும் எழும்பிற்று. பல தேசங்களில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர்.

இதே தட்டு வடக்கே ஆசியாவை முட்டியதால்தான் இமயமலை எழுந்தது. இமயம் இல்லையேல் இன்றைய கங்கை இல்லை. சோறு சமைக்கும் நெருப்பே தொட்ட கையையும் சுடுகிறது. சர்வேசுரன் ஒவ்வொரு சிருஷ்டிக்கும் ஒரு சுபாவத்தைத் தந்து, அந்தச் சுபாவத்தின்படியே அதை நடத்துகிறார் என்பது அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் போதகம். பாவியைத் தேடி அலை வரவில்லை.

சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று சேசுநாதர் சுவாமி தெளிவாகச் சொன்னார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. உயிரோடிருந்தவர்களை நோக்கி, மனந்திரும்புங்கள் என்றார். ஆகையால் கேள்வி மாண்டவர்களைப் பற்றியதல்ல, நம்மைப் பற்றியது.

அந்த அலை நம் கரைக்கு வந்து சேரச் சுமார் இரண்டு மணி நேரமாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் நம் ஜனங்களுக்குச் சொல்வார் ஒருவருமில்லை. பசிபிக் பெருங்கடலுக்கு 1949 முதலே எச்சரிக்கை நிலையம் இருந்தது. நம் கடலுக்கு இல்லை.

நிலம் பிளந்த இடத்துக்கு அருகில் சிமுலுவே என்றொரு தீவு இருக்கிறது. 1907-ல் அங்கே பேரலை அடித்தது. "நிலம் பலமாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு" என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி வைத்தார்கள். 2004-ல் ஜனங்கள் அப்படியே ஓடினார்கள். ஏறக்குறைய 78,000 பேரில் மாண்டவர் ஏழு பேரே. வேளாங்கண்ணிக் கடற்கரையில் மாண்ட திருயாத்திரிகர்களைவிட இவர்கள் புண்ணியவான்களோ? அல்ல. இவர்களுக்குச் சொல்லி வைக்க ஆள் இருந்தது, அவர்களுக்கு இல்லை.

பூமி தன் சுபாவப்படி அசைந்தது, அதில் பாவமில்லை. அறியக்கூடியதை அறியாமலும், அறிந்ததை அயலானுக்குச் சொல்லாமலும் இருப்பதில் நம் பங்கு உண்டு. 2007 முதல் ஐதராபாத்தில் நமக்கும் ஓர் எச்சரிக்கை நிலையம் இயங்குகிறது. அதன் சொல் கடைசிக் குடிசைக்கும் போய்ச் சேர வேண்டும். "மற்றவர்கள் சொல்வார்கள்" என்று இருப்பவன் பிறர்சிநேகக் கற்பனையை மீறுகிறான்.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இவ்வளவே: "அம்மா, பண்டிகை நாளில் பிள்ளையைச் சந்தோஷப்படுத்தியது பாவமல்ல, அன்பு." அவர் மகன் ஏன் பிழைக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. லாசருவின் கல்லறையில் அழுத நம் ஆண்டவர் அவரோடு அழுகிறார் என்பதை மட்டும் நான் விசுவசிக்கிறேன்.

டிசம்பர் 26-ந் தேதிப் பூசையில் அன்று மாண்ட அனைவருக்காகவும் வேண்டிக்கொள்வோம். வீடு திரும்பியதும் அந்தத் தீவுப் பாட்டிமார் சொன்னதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.

உங்கள் பங்குக் குரு